ஒன்பதாவது மாடி, இப்போதைக்கு

காலை ஆறு நாற்பது. ஏணியில் நூற்றெட்டுப் படி.
ஜெபமாலை உருட்டுவதுபோல் எண்ணிக்கொண்டே ஏறுவேன்.
கையுறைக்குள்ளும் சுடுகிறது இரும்பின் குளிர்.
பையில் தேநீர்க் குடுவை,
காலி ஊறுகாய்ப் புட்டி ஒன்று.
மதியம்வரை கீழே இறங்க முடியாத பெண்ணிடம்
அது எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

கிரேனின் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தால்
உலான்பாத்தர் முழுக்கக் காலடியில்.
தெற்கே போக்த் மலையோரம் கண்ணாடிக் கோபுரங்கள்.
வடக்கே சரிவு நெடுக மரவேலி, வேலியை ஒட்டி வேலி,
வேலிக்குள் வெள்ளை வெள்ளையாய் கெர் கூடாரங்கள்,
தலைக்கு ஒரு புகைக்குழாய்.
பனியில் மந்தை விறைத்துச் செத்த வருடங்களில்
வந்து இறங்கிய சனம்.
நாங்களும் அப்படித்தான்.
லாரியிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்தில் நட்ட கூடாரத்தில்
பதினான்கு குளிர்காலம்.

பிறகு வந்தது 'தங்க வாசல்' நிறுவனம், வரைபடச் சுருளோடு.
எழுநூறு சதுர மீட்டர் மண்ணைக் கொடுங்கள்,
ஐம்பத்திரண்டு சதுர மீட்டர் வீடு தருகிறோம்.
குழாயைத் திருகினால் வெந்நீர்.
கரி அள்ள வேண்டாம், சாம்பல் கொட்ட வேண்டாம்.
ஒன்பதாவது மாடி, கதவு எண் எழுபத்தொன்று.
எல்லாப் பக்கத்திலும் நான் கையெழுத்துப் போட்டேன்.
என் கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்:
"நாயை எங்கே கட்டுவது?"

அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.
நாத்தனார் முற்றத்தில் இப்போது மூன்று கூடாரம்,
ஒரு கழிப்பறை.
எலி வளையானாலும் தனி வளை என்று
சும்மாவா சொன்னார்கள்.
மகள் யெசுய் சுவரே இல்லாத வட்டத்துக்குள்
துணி கட்டி மறைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறாள்.

ஏழாவது மாடியோடு கட்டடம் நின்றுவிட்டது.
இரண்டு மாதமாகச் சம்பளமும்.
அக்டோபர் முடிந்தால் கான்கிரீட் இறுகாது, உறையும்;
ஏப்ரல்வரை நகரத்துக் கிரேன்களெல்லாம்
ஒற்றைக்கால் தவம்.
"செவெல்மா, அவசரம் என்ன, வீடு ஓடியா போகும்?"
ரேடியோவில் போர்ஹூவின் சிரிப்பு.
கொக்கி மாட்டுகிறவன், நல்லவன்,
ஊரில் வாடகை எவ்வளவென்று தெரியாதவன்.
வந்தால்தானே ஐயா ஓடுவதற்கு.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன்.
என் பெட்டி தொங்குவது சரியாக ஒன்பதாவது மாடி உயரத்தில்.
தரை இல்லை, கூரை இல்லை. காட்சி மட்டும் தயார்.
சமையலறைச் சன்னல் வரவேண்டிய இடத்திலிருந்து
தூல் ஆறு தெரிகிறது, ஓரங்களில் வெளுத்து.
தினமும் அங்கே உட்கார்ந்து
தேநீர் குடிக்கிறேன்.

நேற்று வாசல் கதவருகே ஒருத்தி.
இடுப்பில் பிள்ளை, கையில் பிளாஸ்டிக் உறையில் காகிதம்.
வங்கிக் கடன், முன்பணம், நீல முத்திரை.
கதவு எண் எழுபத்தொன்று.
என்னுடையதை எடுத்து அருகில் வைத்தேன்.
அதே முத்திரை. அதே கையெழுத்து.
அவள் பெயர் உரான்பிலெக்.
இருவரும் கத்துவோம் என்று காவலாளி காத்திருந்தான்.
அலுவலகம் பூட்டியிருந்தது.
யாரைப் பார்த்துக் கத்த?
"எந்த இடம்? நான் பார்த்ததே இல்லை" என்றாள்.

ஏறினேன், நூற்றெட்டும்.
வெறும் கொக்கியைத் தூக்கி, கையை மெல்லத் திருப்பி,
ஏழாவது மாடிக் கம்பிகளுக்கு மேலே
தென்கிழக்கு மூலையில் காற்றில் நிறுத்தினேன்.
கீழே அவள் பிள்ளையின் முகவாயைப் பிடித்து
மேலே திருப்புவது தெரிந்தது.

"என்ன பாரம்?" என்றான் போர்ஹூ.
"ஒன்றுமில்லை."
"பின்னே எதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?"

காற்று எழுந்தது. கொக்கி கொஞ்சம் ஆடியது.
அவள் பார்த்து முடிக்கும்வரை
நான் நெம்புகோலை விடவில்லை.